கம்பைலர் அக்கா பதில்கள்: அன்சைன்ட் போட்டால் ஏன் ஒரு கட்டளை கூடுகிறது?

போன இதழில் ரிஸ்க்-ஃபைவ் பிராசசரின் கட்டளைத் தொகுப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில், கம்பைலர் (நாம் சி மொழியில் எழுதுவதைப் பிராசசரின் கட்டளைகளாக மாற்றும் புரோகிராம்) அந்தப் பிராசசருக்கு எழுதித் தரும் அசெம்பிளியைப் பற்றி, அதாவது அந்தக் கட்டளைகளின் எழுத்து வடிவத்தைப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். ஜாதகம் கேட்டவருக்கு இந்தப் பகுதியில் பதில் இல்லை, மன்னிக்கவும்.

அக்கா, அர்ரேயின் ஐ-ஆவது எண்ணை எடுத்துத் தரும் ஒரு சின்ன ஃபங்ஷனை 64 பிட் ரிஸ்க்-ஃபைவுக்குக் கம்பைல் செய்தேன். 'ஐ' இன்ட் (மைனஸும் வரக்கூடிய முழு எண்) ஆக இருந்தால், ரிட்டர்னைச் சேர்க்காமல், மூன்று கட்டளை. அன்சைன்ட் இன்ட் ஆக்கினால் நான்கு. மைனஸே வராத இடத்தில் அன்சைன்ட் போடுவதுதானே முறை? அதற்கு ஏன் அபராதம்?
– பொறியியல் மாணவர், கோவில்பட்டி

அசெம்பிளியைத் திறந்து எண்ணிப் பார்த்தீர்களே, முதலில் அதற்கு ஒரு சபாஷ்.

இன்ட் போட்டபோது வந்தது இதுதான். எஸ்எல்எல்ஐ கட்டளை 'ஐ'யை இரண்டு இடம் இடப்பக்கம் தள்ளி நான்கால் பெருக்குகிறது, ஏனென்றால் ஒரு இன்ட் நான்கு பைட். ஆட் கட்டளை அதை அர்ரேயின் முகவரியோடு கூட்டுகிறது. எல்டபிள்யூ அந்த முகவரியிலிருந்து எண்ணைப் படிக்கிறது. மூன்று.

அன்சைன்ட் போட்டதும் எஸ்எல்எல்ஐ 32, எஸ்ஆர்எல்ஐ 30, ஆட், எல்டபிள்யூ என்று நான்காகிறது. முதல் இரண்டு கட்டளைகளைக் கவனியுங்கள். 32 இடம் இடப்பக்கம் தள்ளினால் ரெஜிஸ்டரின், அதாவது பிராசசருக்குள் எண்ணை வைக்கும் 64 பிட் அறையின், மேல் பாதி விழுந்துவிடும். பிறகு 30 இடம் மட்டும் வலப்பக்கம் கொண்டுவந்தால் மேல் பாதியில் பூஜ்யம் நிரம்பும், மிச்சமிருக்கும் இரண்டு இடத்தால் நான்கின் பெருக்கலும் அதிலேயே முடிந்துவிடும். அசட்டுத்தனமாகச் செய்திருந்தால் 32 தள்ளி, 32 திருப்பி, மறுபடி 2 தள்ளி என்று ஐந்து கட்டளை ஆகியிருக்கும். ஆக, நீங்கள் குறைசொன்ன கம்பைலர் ஏற்கெனவே ஒன்றைச் சேமித்துத்தான் கொடுத்திருக்கிறது.

மேல் பாதியை ஏன் துடைக்க வேண்டும்? ஃபங்ஷனுக்கு மதிப்புகளை எப்படி அனுப்புவது என்று ரிஸ்க்-ஃபைவில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 32 பிட் எண் எதுவானாலும், அன்சைன்ட் ஆனாலும்கூட, 64 பிட் ரெஜிஸ்டரில் அதன் 31-ஆவது பிட்டை மேல் பாதி முழுக்கப் பிரதி எடுத்துத்தான் வைக்க வேண்டும். இன்ட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது. அன்சைன்ட்டுக்கோ, எண் 250 கோடி, 300 கோடி என்று பெரிதாகிவிட்டால் மேல் பாதி முழுக்க 1 நின்றிருக்கும். அதை அப்படியே முகவரியோடு கூட்டினால் வேறெங்கோ போய் நிற்போம்.

இணையத்தில் கிடைக்கும் பழைய அறிவுரைகள் இங்கேதான் காலை வாருகின்றன. இன்டெல் கம்ப்யூட்டர்களின் எக்ஸ்86-64இலும் 64 பிட் ஆர்மிலும் 32 பிட் ரெஜிஸ்டரில் எழுதினாலே மேல் பாதி தானாகப் பூஜ்யமாகிவிடும். அங்கே அன்சைன்ட் இண்டெக்ஸ் இலவசம், இன்ட்டுக்குத்தான் சில இடங்களில் செலவு. இங்கே தலைகீழ். இன்டெல் கம்ப்யூட்டரில் பழகிய கையோடு ரிஸ்க்-ஃபைவுக்கு வந்தால் நல்லது என்று நினைத்துச் செய்வதே செலவு வைக்கும்.

லூப்பில் இது இன்னும் பெரிதாகும். ஏ[ஐ + கே] என்று எழுதியிருந்தால், இன்ட் கூட்டல் எல்லை தாண்டாது என்று வைத்துக்கொள்ள சி மொழி கம்பைலருக்கு அனுமதி தருகிறது. அதனால் அது ஒரு பாயின்டரை (முகவரியை வைத்திருக்கும் வேரியபிளை) வைத்துக்கொண்டு நான்கு நான்காக நகர்த்திப் போய்விடும். அன்சைன்ட் கூட்டல் எல்லை தாண்டினால் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பது சட்டம். அப்படி நடக்காது என்று நிரூபிக்க முடியாதவரை, ஒவ்வொரு சுற்றிலும் கூட்டி, துடைத்து, முகவரி போட்டாக வேண்டும்.

வழி இரண்டு. இண்டெக்ஸை 64 பிட் வகைகளான சைஸ்-டி அல்லது லாங் ஆக்குங்கள், துடைக்கும் வேலையே இருக்காது. அல்லது சிப் அனுமதித்தால், எந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் எம்-ஆர்ச் ஆப்ஷனில் இசட்பிஏ சேருங்கள். 2021 கடைசியில் அங்கீகாரம் பெற்ற நீட்சி, அதாவது கூடுதல் கட்டளைத் தொகுதி அது. அதிலுள்ள எஸ்ஹெச்2ஆட் கட்டளை தள்ளுவதையும் கூட்டுவதையும் ஒன்றாகச் செய்யும். அதன் தம்பி எஸ்ஹெச்2ஆட்.யூடபிள்யூ மேல் பாதியையும் சேர்த்துத் துடைத்துவிடும். இப்போது இன்ட் ஆனாலும் அன்சைன்ட் ஆனாலும் இரண்டே கட்டளைதான்.

ஒரு எச்சரிக்கை. இசட்பிஏ இல்லாத சிப்பில் அந்த ஃபைலை ஓட்டினால், சட்டவிரோதக் கட்டளை என்று சொல்லி புரோகிராம் அங்கேயே விழும். விஷன்ஃபைவ் 2 போர்டில் இருக்கும் ஜேஹெச்7110 சிப்பில் இந்த நீட்சி உண்டு, ஹைஃபைவ் அன்மேட்ச்டில் கிடையாது. இரண்டிலும் உள்ளே இருப்பது சைஃபைவின் யூ74 கோர்தான் என்பதால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். லினக்ஸில் சிபியூ விவரத்தில் வரும் ஐஎஸ்ஏ (கட்டளைத் தொகுப்பு) வரியைப் படித்துவிட்டு ஆப்ஷன் போடுங்கள்.

என் மகன் பெங்களூரில் 'கம்பைலரில் கோட் ஜெனரேஷனை மேம்படுத்தும் வேலை' பார்க்கிறானாம். விளக்கச் சொன்னால் சிரிக்கிறான். உங்களால் முடியுமா அம்மா?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், திருவண்ணாமலை

கணக்கு வாத்தியாருக்குச் சொல்வது எனக்குச் சுலபம் ஐயா.

ரிஸ்க்-ஃபைவில் வழக்கமான கட்டளையின் நீளம் 32 பிட். என்ன வேலை, எந்த ரெஜிஸ்டர் என்பதற்கெல்லாம் இடம் விட்டதுபோக, ஓர் எண்ணை எழுத 12 பிட்தான் மிஞ்சும். அதாவது -2048 முதல் 2047 வரை. அதைவிடப் பெரிய எண் வேண்டுமென்றால் எல்யூஐ என்ற கட்டளையால் 4096-இன் மடங்கு ஒன்றை வைத்து, ஆட்ஐ கட்டளையால் மீதியைக் கூட்ட வேண்டும்.

7000 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு 4096 போக மீதி 2904. அது 2047-ஐத் தாண்டுகிறது, கட்டளையில் அடங்காது. ஆகவே கம்பைலர் இரண்டு 4096, அதாவது 8192 வைத்து, 1192-ஐக் கழிக்கிறது. 70 ரூபாய் சாமானுக்கு நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து மீதி வாங்குவது மாதிரி. இரண்டே கட்டளையில் முடிந்தது.

இது எல்லாக் கம்பைலருக்கும் தெரிந்த பாடம். உங்கள் மகனின் வேலை இதற்கு மேலே தொடங்குகிறது. 64 பிட் எண் ஒன்றை இதே முறையில் கட்டினால் எட்டுக் கட்டளை வரை போகலாம். ஆனால் 4294967295 என்ற எண்ணைப் பாருங்கள். இரண்டின் 32-ஆவது அடுக்கில் ஒன்று குறைவு. -1 என்பது 64 பிட்டும் 1 ஆக இருக்கும் எண். அதை ஒரு கட்டளையில் வைத்து, இன்னொரு கட்டளையில் 32 இடம் வலப்பக்கம் தள்ளினால் இந்த எண் வந்துவிடும். இப்படிக் குறுக்கு வழி உள்ள எண்கள் எவை, எதற்கு வழியே இல்லை, எந்த இடத்தில் கட்டுவதைவிட மெமரியில் எழுதி வைத்துப் படித்துக்கொள்வது லாபம் என்று தேடுவதுதான் அவர் வேலை. ஒரு கட்டளை குறைந்தால் வேறு எதுவும் உடையவில்லை என்று நிரூபிப்பதும் அவர் பொறுப்பு. அதற்குத்தான் பாதி நேரம் போகும்.

அவர் சிரிப்பது, சொன்னால் 'இதற்கா சம்பளம்?' என்று கேட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில். கேட்காதீர்கள்.

32 பிட் ரிஸ்க்-ஃபைவ் மைக்ரோகன்ட்ரோலர், ஃபிளாஷ் 64 கேபி. அளவைக் குறைக்கும் 'ஓஎஸ்' ஆப்ஷன் போட்டும் ஃபர்ம்வேர் அடங்கவில்லை. மெமரியை மிச்சப்படுத்த லோக்கல் வேரியபிள் எல்லாவற்றையும் 8 பிட், 16 பிட் ஆக்கியும் பார்த்துவிட்டோம். கோட் இன்னும் ஏறிவிட்டது!
– ஃபர்ம்வேர் பொறியாளர், ஓசூர்

8051 சொல்லிக்கொடுத்த பழக்கம். அந்த 8 பிட் சிப்பில் அதுதான் சரி, நானும் அதில் படித்தவள்தான். இங்கே ரெஜிஸ்டர் 32 பிட். 16 பிட் வேரியபிளோடு ஒன்றைக் கூட்டினால், விடை 65535-ஐத் தாண்டியிருக்கலாம் என்பதால் மேல் பகுதியை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு ஆண்ட்ஐ கட்டளை போடலாமென்றால், 65535 என்ற எண் அந்த 12 பிட்டுக்குள் அடங்காது. ஆகவே 16 இடப்பக்கம், 16 வலப்பக்கம் என்று இரண்டு கட்டளை. 8 பிட்டுக்கு 255 அடங்கும், அதனால் ஒன்று போதும். எப்படியானாலும் சும்மா இருந்த இடத்தில் செலவு. சின்ன வகைகளை ஸ்ட்ரக்சருக்கும் அர்ரேக்கும் வைத்துக்கொண்டு, லோக்கல் வேரியபிளையும் லூப் எண்ணியையும் இன்ட்டுக்குத் திருப்புங்கள்.

அடுத்து, எம்-ஆர்ச்சில் 'சி' எழுத்து இருக்கிறதா? 16 பிட் நீளத்துக்குச் சுருக்கிய கட்டளைகள் அதில்தான் வரும். இருக்கிறது என்றால், சுருங்க வேண்டியவை நிஜமாகவே சுருங்கியிருக்கின்றனவா என்று அசெம்பிளியில் பாருங்கள். சுருக்கிய எல்டபிள்யூவில் ரெஜிஸ்டரைக் குறிக்க மூன்று பிட்தான் இருப்பதால் எக்ஸ்8 முதல் எக்ஸ்15 வரை உள்ள எட்டு ரெஜிஸ்டர்களை மட்டும்தான் சொல்ல முடியும். ஸ்டாக்கிலிருந்து படிப்பதற்குத் தனி வடிவம் உண்டு, அதை இங்கே விட்டுவிடுவோம். முகவரித் தள்ளலும் (தொடக்க முகவரியிலிருந்து எத்தனை பைட் தள்ளி என்பது) 0 முதல் 124 வரை, நான்கின் மடங்காக. ஆகவே உங்கள் பெரிய ஸ்ட்ரக்சரில் அடிக்கடி தொடும் 32 பிட் உறுப்புகளை முதல் 128 பைட்டுக்குள் கொண்டுவாருங்கள். நடுவில் 200 பைட் பஃபர் ஒன்றைச் செருகிவைத்துவிட்டு அதற்கப்பால் ஸ்டேட்டஸ் உறுப்பை வைத்திருப்பீர்கள். பந்தயம் கட்டுகிறேன், அப்படித்தான் இருக்கும். பஃபரைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

ஒற்றை பைட் படிப்பதற்கு 'சி'யில் சுருக்கிய கட்டளை கிடையாது. அது 2023-இல் வந்த இசட்சிபி நீட்சியில்தான் சேர்ந்தது. சிப் புதிது என்றால் டேட்டாஷீட்டில் தேடுங்கள்.

இவ்வளவும் செய்தபின், ஃபங்ஷனுக்கு ஒரு செக்ஷன் வைத்து, யாரும் கூப்பிடாதவற்றை, துண்டுகளை ஒரே ஃபைலாகச் சேர்க்கும் லிங்கரை விட்டு எறியச் செய்யுங்கள். எம்-சேவ்-ரீஸ்டோர் ஆப்ஷனையும் முயலலாம். ஃபங்ஷன் வாசலில் ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தும் வேலையை ஒவ்வொரு ஃபங்ஷனிலும் எழுதாமல் பொதுவான ஒரு துண்டுக்கு அனுப்பிவிடும். கொஞ்சம் வேகம் போகும், இடம் மிஞ்சும்.

வேகத்துக்கான ஓ3 ஆப்ஷன் போட்டால் வெக்டர் கட்டளைகள் தானாக வந்துவிடுமா?
– சென்னை

சிப்பில் வெக்டர் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் வசதி) இருந்து, எம்-ஆர்ச்சில் 'வி'யும் சேர்த்தால் வரும். ஜிசிசி கம்பைலரில் இதற்கான முழு ஆதரவு 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பில்தான், அதற்கு முந்தையதை வைத்துக்கொண்டு திட்டாதீர்கள். இரண்டு பாயின்டரும் ஒரே இடத்தைத் தொடாது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால், அதைக் கம்பைலருக்குச் சொல்லும் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைப் போடுங்கள். இல்லாவிட்டால் லூப்புக்கு முன்னால் ஒரு சோதனையும், பின்னால் பழைய லூப்பின் இன்னொரு நகலும் சேர்ந்துகொண்டு ஃபைல் பருக்கும்.

ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசருக்குத் தமிழ்நாட்டிலேயே தனிக் கம்பைலர் எழுதக் கூடாதா?
– வாசகர், சிவகங்கை

எழுதலாம், தேவை இல்லை. சக்தி, ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுகிறது. 2010-இல் பெர்க்லியில் தொடங்கிய அந்தத் தொகுப்பு எல்லோருக்கும் திறந்தது. அதனால்தான் 2018-இல் இன்டெலின் 22 நானோமீட்டரில் செய்த சக்தி சிப்பானாலும், மொகாலி செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டரில் செய்ததானாலும், ஜிசிசியும் எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பும் அதற்குக் கட்டளை எழுத முடிகிறது. புதிதாக ஒரு கம்பைலரைத் தொடங்கினால் மற்றவர்கள் எப்போதோ தாண்டிய பள்ளத்தில் நாம் இப்போது விழுந்துகொண்டிருப்போம்.

செய்யத் தக்கது வேறு. கட்டளைத் தொகுப்பு ஒன்றாக இருந்தாலும் உள்ளே பைப்லைன் (கட்டளைகளைக் கட்டம் கட்டமாக ஓட்டும் அமைப்பு) கோருக்குக் கோர் மாறும். சக்தியின் சி-கிளாஸ், கட்டளைகளை வரிசை மாற்றாமல் ஐந்து கட்டங்களில் ஓட்டும் வகை. இப்படிப்பட்ட கோரில் மெமரியிலிருந்து ஒன்றைப் படித்து அடுத்த கட்டளையிலேயே அதைக் கேட்டால் பைப்லைன் காத்து நிற்கும். இடையில் சம்பந்தமில்லாத வேறொரு வேலையைக் கம்பைலர் கொண்டுவந்து வைத்தால் அந்த நேரம் வீணாகாது. எதற்கு எத்தனை சைக்கிள், பெருக்கலுக்கு எவ்வளவு, வகுத்தலுக்கு எவ்வளவு என்ற அட்டவணையைக் கம்பைலருக்குக் கொடுக்க வேண்டும். எம்-டியூன் ஆப்ஷன் பார்ப்பது இதைத்தான். சிப்பை வடிவமைத்தவர்கள் பக்கத்திலேயே இருக்கும் ஊரில், இந்த அட்டவணையை அளந்து எழுதுவது ஒரு நல்ல எம்.டெக் புராஜெக்ட். மேடையில் 'சொந்தக் கம்பைலர்' என்று சொன்னால் கைதட்டல் அதிகம் கிடைக்கும், அது வேறு விஷயம்.

எல்எல்விஎம்முக்கு ஒரு பேட்ச் (திருத்தம்) அனுப்ப ஆசை. லேப்டாப்பில் ராம் 8 ஜிபி. பில்டு பாதியில் செத்துவிடுகிறது. எங்கே தொடங்குவது?
– வேலை தேடும் பட்டதாரி, நாகர்கோவில்

டீபக் பில்டு போட்டிருப்பீர்கள். ரிலீஸ் பில்டு போட்டு, அசெர்ஷன் (புரோகிராமின் உள்சோதனைகள்) மட்டும் இயக்கி வையுங்கள். டார்கெட் ரிஸ்க்-ஃபைவ் ஒன்று போதும். ராமைத் தின்பது லிங்க் செய்யும் கட்டம், அதை ஒரு நேரத்தில் ஒன்று என்று கட்டுப்படுத்துங்கள். லிங்கராக எல்எல்டியை வையுங்கள். சி மொழியைப் படிக்கும் கிளாங்கையே பில்டு செய்ய வேண்டாம், அசெம்பிளியை எழுதித் தரும் எல்எல்சி கிடைத்தால் போதும்.

கம்பைலர் எக்ஸ்புளோரர் இணையதளத்தைத் திறந்து உங்களுக்குத் தெரிந்த சின்னச் சின்ன சி வரிகளை ரிஸ்க்-ஃபைவுக்கும் ஆர்முக்கும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தேவையில்லாத கட்டளை தெரிந்தால் அதுதான் உங்கள் கதவு. உதாரணமாக எஸ்இஎக்ஸ்டி.டபிள்யூ என்று ஒன்று வரும், கீழ் 32 பிட்டை வைத்து மேல் பாதியை நிரப்புவது. அதற்கு முன்னால் அந்த ரெஜிஸ்டருக்கு எல்டபிள்யூவோ ஆட்டபிள்யூவோ மதிப்பைக் கொடுத்திருந்தால், அவை ஏற்கெனவே மேல் பாதியைச் சரியாக நிரப்பித்தான் கொடுக்கும். அந்த எஸ்இஎக்ஸ்டி.டபிள்யூ வெட்டி. அதை நீக்கவே எல்எல்விஎம்மில் ஒரு பாஸ் (கோடை ஒரு தடவை அலசித் திருத்தும் கட்டம்) இருக்கிறது. அதன் கண்ணுக்குத் தப்புவது ஏன் தப்பியது என்று ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் கோடை அச்சிட்டுப் பாருங்கள்.

பேட்ச் அனுப்பும் முறை முக்கியம். முதல் கமிட்டில் டெஸ்ட் மட்டும், இன்றைய மோசமான அசெம்பிளியோடு. எதிர்பார்க்கும் வரிகளைக் கையால் தட்டாதீர்கள், அதற்கென்றே ஸ்கிரிப்ட் இருக்கிறது. இரண்டாவது கமிட்டில் உங்கள் திருத்தமும் மாறிய டெஸ்ட்டும். பார்ப்பவருக்கு எந்தக் கட்டளை போனது என்று சிவப்பு வரியிலேயே தெரிந்துவிடும். எல்எல்விஎம் ஐஆர் (சிக்கும் அசெம்பிளிக்கும் இடைப்பட்ட வடிவம்) அளவில் மாற்றம் செய்தால் அலைவ்2 கருவியில் போட்டு, எல்லா மதிப்புக்கும் சரி என்று நிரூபணத்தை இணையுங்கள். 'பத்து எண் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது' என்று எழுதினால் யாரும் திட்டமாட்டார்கள், பதிலும் வராது. 2011-இல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் சிஸ்மித் என்ற கருவியால் கண்டபடி சி புரோகிராம்களை உருவாக்கிக் கம்பைலர்களுக்கு ஊட்டியதில் 325-க்கும் மேற்பட்ட பிழைகள் வெளிவந்தன. ஜிசிசியும் எல்எல்விஎம்மும் அதில் தப்பவில்லை. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

ஒரு லூப்பில் இஃப் இருந்த இடத்தில் பிராஞ்ச்சை (நிபந்தனையைப் பார்த்து வேறு இடத்துக்குத் தாவும் கட்டளையை) எடுத்துவிட்டு இசட்ஐகாண்ட் கட்டளைகள் வரச் செய்தேன். பிராஞ்ச்சே இல்லை, அழகான அசெம்பிளி. ஓட்டினால் பழையதைவிட மெதுவாக இருக்கிறது! அக்கா, நான் என்ன பாவம் செய்தேன்?
– பெயர் வேண்டாம், பெங்களூர்

பாவம் எதுவும் இல்லை. 2023-இல் வந்த இசட்ஐகாண்டில் இருப்பது இரண்டே கட்டளை: நிபந்தனை பூஜ்யமானால் விடையைப் பூஜ்யமாக்கு, பூஜ்யமில்லாவிட்டால் விடையைப் பூஜ்யமாக்கு. 'நிபந்தனை உண்மையானால் ஒய்யைக் கூட்டு, இல்லாவிட்டால் விடு' என்ற வகைக்கு இது கச்சிதம். ஒய்யைத் தேவைப்பட்டால் பூஜ்யமாக்கிவிட்டுக் கூட்ட வேண்டியதுதான், இரண்டு கட்டளை. ஆனால் 'உண்மையானால் ஏ, இல்லாவிட்டால் பி' என்று பொதுவாகக் கேட்டால், ஏவுக்கு ஒன்று, பிக்கு ஒன்று, இரண்டையும் சேர்க்க ஓர் ஆர் என்று மூன்று ஆகும். உங்களுடையது இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன்.

எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. பிராஞ்ச் இருந்தபோது பிராசசர் ஊகித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஏ, பி இரண்டில் தேவையானதற்கு மட்டும்தான் காத்திருக்க வேண்டும். பிராஞ்ச்சை எடுத்தால் நிபந்தனை, ஏ, பி மூன்றும் கைக்கு வந்தால்தான் விடை. ஏ மெமரியிலிருந்து வருகிறது, கேஷில் (பிராசசருக்குப் பக்கத்திலுள்ள சிறிய வேக மெமரியில்) இல்லை என்றால், அது வேண்டாத சுற்றிலும் அதற்காகக் காத்துக் கிடப்பீர்கள். அந்த விடையே அடுத்த சுற்றுக்கு உள்ளீடு என்றால் தாமதம் சங்கிலியாக நீளும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை ஒரே பக்கம் போகும் இஃப்பைப் பிராசசர் சுலபமாக ஊகித்துவிடும், அதைத் தொடவே கூடாது. எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே முடியாத இஃப்தான் இதற்கான இடம். பைனரி சர்ச்சுக்குள் வரும் ஒப்பீடு மாதிரி. அதிலும் டேட்டா பெரிதாகிக் கேஷைத் தாண்டினால் பிராஞ்ச்சே ஜெயிப்பதுண்டு.

உங்கள் கடிதத்தில் எத்தனை செகண்ட் என்பது மட்டும் இருக்கிறது, டேட்டா என்னவென்று இல்லை. பழையதையும் புதியதையும் லினக்ஸின் அளவிடும் கருவியான பெர்ஃப்பில் ஓட்டி, கட்டளை எண்ணிக்கை, சைக்கிள், பிராஞ்ச் மிஸ் (ஊகம் தவறிய தடவைகள்) மூன்றையும் எழுதி அனுப்புங்கள். உள்ளீட்டை ஒரு தடவை வரிசைப்படுத்தியும் ஒரு தடவை கலைத்தும் கொடுங்கள். கலைத்த டேட்டாவில் உங்கள் பேட்ச் ஜெயித்தால் அதைக் குப்பையில் போட வேண்டாம், எந்த இஃப்புக்கு அதை இயக்குவது என்ற விதியை மட்டும் மாற்றினால் போதும்.